கொக்கின் வெண்மை, கரிச்சானின் கருமை: பறவைப் படங்களைத் திருத்த எதைத் தேர்வது?

ஒரே காலையில் எடுத்த இரண்டு படங்கள். முதலாவதில், வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் மரமொன்றின் உச்சியில் ஒரு சின்னக் கொக்கு. வெயில் நேராக விழுந்ததில், இறகு இறகாகத் தெரியவேண்டிய முதுகு சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒரே வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவதில், திரும்பும் வழியில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான். பின்னால் வெளுத்த வானம். பறவையோ கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய உருவம்போல இருக்கிறது. கண் எங்கே என்றே தெரியவில்லை.

பறவை பார்க்கப் போகிற எல்லோரிடமும் இந்த இரண்டு படங்களும் இருக்கும். "எதில் போட்டுச் சரிசெய்வது?" என்று கேட்டால் ஒருவர் ஸ்நாப்சீட் போதும் என்பார். இன்னொருவர் லைட்ரூம் இல்லாமல் ஆகாது என்பார். மூன்றாமவர், டார்க்டேபிள் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குப் பணம் என்பார். மூவர் சொல்வதும் அவரவர் கேமராவுக்கும் அவரவர் நேரத்துக்கும் பொருந்தும். இந்த மூன்றோடு கேமரா நிறுவனங்களே தரும் மென்பொருளையும் சேர்த்து நான்கு வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்தி, அவற்றில் இரண்டை இன்றும் வைத்திருப்பவன் என்ற முறையில், எது யாருக்குப் பொருந்தும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி உங்களிடம் உள்ள கோப்பு எது என்பது. கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருப்பது ரா கோப்பு; 14 பிட் ராவில் 16,384 படிகள். கரிச்சானின் மார்பில் இருக்கும் நீலம் கலந்த பளபளப்பு, கொக்கின் தோளில் இருக்கும் மெல்லிய சாம்பல் நிழல் எல்லாம் இந்தப் படிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தைத் தொட்டுவிட்ட இடத்தில் வெண்மையைத் தவிர வேறு தகவல் ஏதும் இல்லை. எந்த மென்பொருளாலும் அங்கே இறகை வரவழைக்க முடியாது. சாம்பல் பூச மட்டுமே முடியும். ராவில், கேமராத் திரையில் வெளுத்துப்போனதாகத் தெரிந்த வெள்ளைக்குள்ளும் ஓரளவு மிச்சம் இருக்கும்.

நம்மில் பலர் நீள ஜூம் கேமராக்களில்தான் பறவைப் படம் எடுக்கத் தொடங்கினோம். நிக்கான் பி900 ரா கோப்பைத் தராது. அதற்குப் பின் வந்த பி1000, பி950 இரண்டும் தரும். ஆகவே பி900 வைத்திருப்பவரின் தெரிவுக்கும் மற்றவர்களின் தெரிவுக்கும் இடையே தொடக்கத்திலேயே ஒரு பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது.

இரண்டாவது, பறவையை மட்டும் தனியே தொட முடியுமா? பறவைப் படத்தில் இதுதான் உயிர். வானத்தோடு சேர்த்துக் கரிச்சானை வெளிச்சமாக்கினால் வானம் காணாமல் போகும். இலைகளோடு சேர்த்துக் கொக்கை இருட்டாக்கினால் மரம் இரவுக்குள் போய்விடும்.

மூன்றாவது நிறம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மீன்கொத்தியின் நீலம் சாயத்தால் வந்ததல்ல. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு அப்படித் தெரிகிறது. கிளியின் பச்சையில் மஞ்சள் சாயமும் இத்தகைய நீலமும் கலந்திருக்கின்றன. ஊதாத் தேன்சிட்டின் மினுக்கம் இன்னும் ஒரு படி மேல்: வெயில் விழும் கோணமும் நாம் நிற்கும் கோணமும் ஒத்துவந்தால்தான் அந்த ஊதா தெரியும். எதிர்வெயிலில் எடுத்த ஆண் தேன்சிட்டின் நிழலை எவ்வளவு ஏற்றினாலும் கரும்பழுப்புத்தான் வரும். அந்த ஊதா ஒளி லென்சுக்குள் வரவே இல்லை. மென்பொருளில் ஊதாவைக் கூட்டி அதைக் கொண்டுவந்தால் அது நாமே தீட்டிய வண்ணம். இருப்பதை வெளியே கொண்டுவருவதையும் இல்லாததைப் பூசுவதையும் பிரித்துக்காட்டும் அளவுக்கு நுணுக்கமான கட்டுப்பாடு எந்தக் கருவியில் இருக்கிறது என்பதே நிறத்தைப் பொறுத்தவரை என் அளவுகோல்.

நான்காவது நாய்ஸ், அதாவது இருட்டான இடத்தை வெளிச்சமாக்கும்போது மணல் தூவியதுபோல வந்து நிற்கும் புள்ளிகள். ஐந்தாவது செலவு. பணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. பழகும் காலம், கணினியின் திறன், வன்தட்டின் இடம், நாளைக்கு வேறொன்றுக்கு மாறினால் இழப்பது என்று அதற்குள் பலதும் உண்டு.

## மென்பொருளுக்கு முன், கேமராவிலேயே

செலவே இல்லாத வழி இது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். கரும்பச்சை மரத்துக்கு முன்னால் சிறியதாகத் தெரியும் கொக்கை எடுக்கும்போது அது மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, கொக்கு வெளுத்துவிடுகிறது. அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −0.7 அல்லது −1 வையுங்கள். வானத்துக்கு எதிரே கரிச்சான் என்றால் நேர்மாறு: +1 முதல் +1.7 வரை. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், பறவைதான் முக்கியம். இரண்டு படம் எடுத்தபின் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் குவியல் முட்டி நின்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

சிவப்புப் பறவைகளுக்கு மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் தேவை. பொன்முதுகு மரங்கொத்தியின் கொண்டையில் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தாண்டியிருக்கும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமோ எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொண்டை மெழுகால் செய்ததுபோல் இருக்கும். எனக்கு இது மூன்று முறை நடந்தபின்தான் காரணம் விளங்கியது.

## கைபேசியில்: ஸ்நாப்சீட்

நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2012இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. இலவசம், விளம்பரம் கிடையாது. பறவைப் படத்துக்கு இதில் உள்ள உண்மையான செல்வம் 'செலக்டிவ்' என்ற கருவி. கரிச்சானின் மார்பில் விரலை வைத்தால் ஒரு புள்ளி விழும். இரண்டு விரலால் அதன் வட்டத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம். வட்டத்துக்குள் அந்தப் புள்ளியின் நிறத்தை ஒத்த பகுதிகளை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சமா, காண்ட்ராஸ்டா, நிறமா என்று தேர்ந்து, பக்கவாட்டில் இழுத்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். கரிச்சானின் தலையில் ஒன்று, மார்பில் ஒன்று, வாலில் ஒன்று. பேருந்தில் வீடு திரும்பும்போதே முடிந்துவிடும்.

பி900 வைத்திருப்பவருக்கும், கேமராவிலிருந்து வைஃபை வழியாக ஜேபெக்கைக் கைபேசிக்கு மாற்றிக்கொள்பவருக்கும் இதுவே போதும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஜேபெக்கில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தை எடுப்பதற்குக் கணினியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் செலவழிப்பதில் பெரிய லாபமில்லை.

இதற்கும் விலை உண்டு. 'ஸ்ட்ரக்சர்', 'எச்டிஆர் ஸ்கேப்' இரண்டும் முதல் பார்வைக்கு அற்புதமாகத் தெரியும். கொஞ்சம் அதிகமானால் பறவையைச் சுற்றி வானத்தில் ஒரு வெண்வளையம் எழும். பறவையின் உடலில் இல்லாத கோடுகள் முளைக்கும். தூரத்தில் சிறியதாக இருந்து வெட்டிப் பெரிதாக்கிய படத்தில் இந்தக் கேடு இரட்டிப்பாகும். ராவில் டிஎன்ஜி வகையை ஸ்நாப்சீட் திறக்கும் என்றாலும், பெரிய கேமராக்களின் ரா கோப்புகளைத் தொடர்ந்து திருத்த இது பொருத்தமான இடமல்ல. ஒவ்வொரு நிறத்தையும் பிரித்துத் திருத்துவதிலும் கணினி மென்பொருள்களுக்கு ஈடாகாது. இன்னொன்று: திருத்தியதைப் பிரதியாகச் சேமியுங்கள், மூலத்தின்மேல் எழுதாதீர்கள். கைபேசியின் கேலரியிலேயே திருத்தி, மூலத்தை இழந்து, ஒரு வருடம் கழித்து அதே பறவையின் உண்மையான நிறத்தைத் தேடி வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே தொடுகையில் படத்தை 'மேம்படுத்தும்' தானியங்கிப் பொத்தான்களைப் பற்றி ஒரு வரி போதும். அவை முகத்துக்கும் உணவுத் தட்டுக்கும் ஏற்றவை. கூழைக்கடாவின் மெல்லிய சாம்பல் அவற்றுக்குக் குறையாகத் தெரியும், உடனே வெளுக்க வைத்துவிடும்.

## கேமரா நிறுவனமே தரும் மென்பொருள்

கேமரா வாங்கிய பலர் இது இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ 2021 மார்ச்சில் வந்தது, இலவசம். கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், அதுவும் இலவசம். ரா எடுக்கத் தொடங்கி, எதில் திறப்பது என்று திகைப்பவர் முதலில் போகவேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் நிறம். ரா கோப்பு என்பது வேகாத அரிசி. அதைச் சமைக்கும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பக்குவம் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் மென்பொருள், கேமராவுக்குள்ளேயே இருக்கும் அதே பக்குவத்தில் தொடங்குகிறது. பனங்காடையின் சிறகு கேமராத் திரையில் எந்த நீலத்தில் தெரிந்ததோ அதே நீலத்தில் கணினியிலும் திறக்கும். தொடக்கமே சரியாக இருப்பதால் திருத்தமும் குறைவு. வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றி, ஒளியின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மரநிழலுக்கு ஏற்ப மாற்றினால் பத்தில் ஏழு படம் முடிந்துவிடுகிறது. என்எக்ஸ் ஸ்டுடியோவில் நிறக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று ஒன்று உண்டு. புள்ளி வைத்து, வட்டம் இழுத்து, அந்த நிறத்தை மட்டும் மாற்றுவது. ஸ்நாப்சீட்டின் செலக்டிவ் போலவே இருக்கிறதே என்று தோன்றும். இரண்டும் நிக் சாஃப்ட்வேரின் ஒரே யோசனையிலிருந்து வந்தவைதான். கைபேசியில் பழகியவருக்குக் கணினியில் அது உடனே கைவரும். அதுவும் ரா கோப்பின்மேலேயே.

குறைகள் வெளிப்படையானவை. ஒரு நிறுவனத்தின் ராவை மட்டுமே திறக்கும். நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாகப் பார்த்துக் கழிக்கும்போது மெதுவாக இருக்கும். நாய்ஸ் குறைப்பு, மற்ற மென்பொருள்களோடு ஒப்பிட்டால் ஒரு தலைமுறை பின்தங்கியது. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200க்கு மேல் வைத்து அடிக்கடி எடுப்பவர், அதாவது சோலைக்காட்டு நிழலிலும் மாலை மங்கலிலும் பறவை தேடுபவர், இதோடு நிற்க முடியாது. நாளைக்குக் கேமரா நிறுவனத்தை மாற்றினால் இதுவரை பழகியது புதிய கேமராவின் படங்களுக்கு உதவாது.

## டார்க்டேபிள்

2009இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். பணம் கேட்பதில்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை, இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இதை நான் வைத்திருப்பதற்கு விலை ஒரு காரணம்; ஆனால் முதல் காரணம் பறவை.

கரிச்சான் படத்தை இதில் எப்படித் திருத்துகிறேன் என்று சொல்கிறேன். முதலில் 'எக்ஸ்போஷர்' பகுதியில் பறவையை மட்டும் மனதில் வைத்து வெளிச்சத்தை ஏற்றுகிறேன். வானம் எங்கே போனாலும் கவலைப்படுவதில்லை. அடுத்து 'சிக்மாய்ட்' பகுதி, மேலே போன வெளிச்சத்தை மென்மையாகத் திரைக்குள் மடித்துக் கொண்டுவருகிறது. 'டோன் ஈக்வலைசர்' படத்தை வெளிச்ச அடுக்குகளாகப் பிரிக்கிறது. கரிச்சானின்மேல் சுட்டியை வைத்து உருட்டினால் அந்த அடுக்கு மட்டும் ஏறுகிறது. இறகுகளுக்கிடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாடு தட்டையாகாமல் அப்படியே இருக்கிறது. இன்னும் தேவைப்பட்டால் அதே எக்ஸ்போஷர் பகுதியை இரண்டாம் முறை திறந்து, பறவையைச் சுற்றி ஒரு மாஸ்க் (திருத்தம் விழவேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து, அதற்குள் மட்டும் அரை ஸ்டாப். வரைந்த மாஸ்க்கோடு 'இந்த வெளிச்சத்துக்குக் கீழே உள்ளது மட்டும்' என்று ஒரு நிபந்தனையும் சேர்க்க முடியும். அப்போது கோடு கொஞ்சம் வெளியே போனாலும் வானம் பாதிக்கப்படாது. பறவைக்கு முன்னால் சுள்ளி குறுக்கிடும் படங்களிலும், நெடுங்கால் உள்ளானின் குச்சிக் கால்களிலும் இந்த இரட்டை மாஸ்க் எனக்குக் கொடுத்த துல்லியத்தை வேறெதிலும் நான் பெறவில்லை. நாய்ஸ் குறைப்பு, ஒவ்வொரு கேமராவையும் தனியே அளந்து வைத்த தரவைக்கொண்டு செயல்படுகிறது.

இதன் விலை நேரம். முதன்முதலில் ராவைத் திறந்தால் படம் கேமராத் திரையில் பார்த்ததைப்போல இருக்காது. பல சமயம் மங்கலாகத் தெரியும். புதியவர் பதறிப்போய் எல்லாவற்றையும் கூட்டுவார், மீன்கொத்தி பெயிண்ட் டப்பாவில் விழுந்ததுபோல் ஆகிவிடும். பகுதிகள் எழுபதுக்கு மேல் இருக்கும். பறவைக்கு வேண்டியவை எட்டோ ஒன்பதோதான். அந்த எட்டைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய கணினியில் ஒவ்வொரு மாற்றமும் தெரிய ஓரிரு நொடி காத்திருக்க வேண்டும், பழகும் காலத்தில் அது பொறுமையைச் சோதிக்கும். மிகப் புதிய கேமராக்களின் சில ரா வகைகளைத் தாமதமாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதால், பழகத் தொடங்கும் முன் உங்கள் கேமராவின் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதே இலவச வரிசையில் ராதெரபியும் உண்டு. நுண் விவரங்களைக் கூர்மையாக்குவதில் அது சிறப்பானது. இரண்டையும் சேர்த்துப் பழகாதீர்கள், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## லைட்ரூம்

அடோபியின் இந்த மென்பொருள் 2007இல் வந்தது. ஒரு முறை பணம் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறை ஆறாம் பதிப்போடு நின்றுவிட்டது. இப்போது சந்தா மட்டுமே. கைபேசிப் பதிப்பில் அடிப்படைத் திருத்தங்கள் இலவசம் என்றாலும், பறவைப் படத்துக்கு முக்கியமானவற்றில் பெரும்பகுதி சந்தாவுக்குள்தான் இருக்கிறது.

பணத்துக்கு ஈடாக அது தருவது வேகம். 2021 அக்டோபரில் வந்த 'செலக்ட் சப்ஜெக்ட்' வசதி, ஒரு சொடுக்கில் பறவையைப் பிரித்துக் கொடுக்கிறது. திறந்த வெளியில் நிற்கும் சங்குவளை நாரை, நீரில் மிதக்கும் வாத்து, வானில் பறக்கும் வைரி என்றால் தொண்ணூறு விழுக்காடு வேலை அங்கேயே முடிந்தது. ஒரு பறவைக்குச் செய்த திருத்தத்தை அதே தொடரில் எடுத்த நாற்பது படங்களுக்கும் ஒட்டலாம். ஒவ்வொன்றிலும் பறவை எங்கே இருக்கிறதோ அங்கே மாஸ்க் தானாகவே மாறிக்கொள்ளும். வாரம்தோறும் ஆயிரக்கணக்கில் எடுப்பவருக்கு இது பெரிய வரம். 2023 ஏப்ரலில் சேர்த்த செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கம், ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படத்தையும் அச்சிடும் தரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்தின் சாயல், செறிவு, வெளிச்சம் மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம். மரங்கொத்தியின் கொண்டைச் சிவப்பை மட்டும் கொஞ்சம் தணித்தால் இழைகள் திரும்பி வரும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லவேண்டும். அந்த நாய்ஸ் நீக்கத்துக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். சாதாரண மடிக்கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகும். சந்தா கட்டுபவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் கணினியையும் மாற்றுகிறார்கள், அந்தத் தொகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடிக்கொள்ளும். பல வருடத் திருத்தங்கள் வேறொரு மென்பொருளுக்கு அப்படியே இடம்பெயராது. இலைகளுக்கிடையே பதுங்கியிருக்கும் தையல்சிட்டைத் தானியங்கித் தேர்வு அடிக்கடி இலையோடு சேர்த்தே பிடிக்கும். அங்கே தூரிகையால் கையால்தான் திருத்தவேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். அந்த நாய்ஸ் நீக்கம் மிகக் கலங்கலான படத்தில் இறகை ஊகித்து வரைகிறது. தூரத்துக் கதிர்க்குருவியின் மார்பில் உண்மையில் இல்லாத நுண்கோடுகள் தோன்றியதைப் பார்த்திருக்கிறேன். இதே வேலையைத் தனியாகச் செய்யும் மற்ற மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். அளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஸ்நாப்சீட் | கேமரா நிறுவன மென்பொருள் | டார்க்டேபிள் | லைட்ரூம் |
|---|---|---|---|---|
| ஏற்ற கோப்பு | ஜேபெக் | அந்த நிறுவனத்தின் ரா | பெரும்பாலான ரா | பெரும்பாலான ரா |
| பறவையைத் தனியே தொட | புள்ளி வைத்து | நிக்கானில் புள்ளி வைத்து | மிகத் துல்லியம், கையால் | மிக வேகம், தானாக |
| நிறத்தின் தொடக்கம் | கேமரா தந்தபடி | கேமரா தந்தபடி | நாமே அமைக்க வேண்டும் | அடோபியின் பக்குவம் |
| நாய்ஸ் | கைகொடுக்காது | சுமார் | நன்று | மிக நன்று, ஊகம் கலந்தது |
| பணம் | இல்லை | இல்லை | இல்லை | மாதந்தோறும் |
| பழக | ஒரு மாலை | ஒரு வாரம் | இரண்டு மூன்று மாதம் | இரண்டு மூன்று வாரம் |

இதில் வராத ஒரு செலவு, ராவுக்கு மாறும் எல்லோருக்கும் பொது. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. கூந்தன்குளத்தில் ஒரு காலை முழுக்கத் தொடர் படமாக எடுத்தால் 1,500 எளிதில் சேரும். கிட்டத்தட்ட 40 ஜிபி. மென்பொருள் இலவசம் என்றாலும் வன்தட்டு இலவசமல்ல. அன்றைக்கே உட்கார்ந்து கழிக்கும் பழக்கம் இல்லாதவர், ஜேபெக்கோடு சில காலம் இருப்பதே நல்லது.

## திரை சொல்லும் நிறம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் திரை தவறாக இருந்தால் எல்லாம் தவறும். புதிய கைபேசிகள் பல, நிறங்களை மிகைப்படுத்திக் காட்டும் 'விவிட்' நிலையிலேயே கடையிலிருந்து வருகின்றன. அதில் பஞ்சுருட்டானின் பச்சை போதுமான அளவு பளிச்சென்று தெரியும். நண்பரின் திரையிலோ அச்சிலோ வாடிப்போய்த் தெரியும். திருத்தும்போது 'நேச்சுரல்' நிலைக்கு மாற்றுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் கண்பாதுகாப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்போது ஒயிட் பேலன்ஸ் சரிசெய்தால் கொக்குகள் எல்லாம் மறுநாள் காலையில் நீலம் பாரித்திருக்கும். அச்சிடப் போகிறீர்கள் என்றால் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். திரை கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எரியும்போது திருத்திய படம் தாளில் இருண்டு வரும். இணையத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பும் படத்தை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் வெளியே எடுங்கள்.

நிறத்தைக் கூட்டும்போது 'சாச்சுரேஷன்' எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தள்ளும். 'வைப்ரன்ஸ்' ஏற்கெனவே அழுத்தமாக இருப்பதை விட்டுவிட்டு மங்கலானதைத் தூக்கும். வெண்மார்பு மீன்கொத்திக்கு எப்போதும் இரண்டாவதுதான். ஒயிட் பேலன்ஸுக்கு வெள்ளை இறகைத் தொட்டுக்காட்டும் முறை மரநிழலில் எடுத்த படத்துக்கு நல்லது; இலைகள் பறவையின் வயிற்றில் வீசும் பச்சையை அது எடுத்துவிடும். காலை ஆறரை மணிக்கு எடுத்த படத்தில் அதைச் செய்தால் கொக்கின்மேல் விழுந்திருந்த இளவெயிலும் போய்விடும். அந்த மஞ்சள் குறையல்ல, நாம் அங்கே இருந்த நேரம் அது.

## எந்த நிலையில் எது

ஜேபெக் மட்டும் தரும் கேமரா, நண்பர்களோடு பகிர்வதே நோக்கம்: ஸ்நாப்சீட். அடுத்த கேமரா வாங்கும்வரை வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

ராவுக்குப் புதியவர், மாதம் இரண்டு முறை வெளியே போகிறவர்: கேமரா நிறுவனத்தின் மென்பொருள். குறைந்தது ஒரு பருவம் அதிலேயே இருங்கள். தீர்க்க முடியாத குறையாக உங்களுக்கு எது தோன்றுகிறதோ, அதுவே அடுத்து எங்கே போகவேண்டும் என்று காட்டும். நாய்ஸும் எண்ணிக்கையும் தொல்லை என்றால் லைட்ரூம். மாஸ்க்கின் நுணுக்கம் போதவில்லை என்றால் டார்க்டேபிள்.

கல்லூரி மாணவர், நேரம் உண்டு, மாதந்தோறும் பணம் கட்ட வழியில்லை: நேராக டார்க்டேபிள். இந்த வயதில் கற்றது நிலைக்கும். ஒளியும் நிறமும் எப்படி இயங்குகின்றன என்று வேறெந்த மென்பொருளும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தருவதில்லை.

படத்தை விற்பவர், வாராவாரம் நூறு படமாவது முடித்துக் கொடுக்க வேண்டியவர்: லைட்ரூம். அவருக்குச் சந்தாவைவிட நேரம் விலை உயர்ந்தது.

போட்டிக்கு அனுப்ப விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி போன்றவை வெளிச்சம், நிறம், வெட்டுதல் ஆகியவற்றை அளவோடு ஏற்கின்றன. எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எந்த மென்பொருள் என்பதைவிட, தொடாத மூலம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி.

## பதிவாகப் போகும் படம்

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இணையத்தளமான ஈபேர்டில் ஏற்றும் படத்துக்கு நான் தனி முறை வைத்திருக்கிறேன்: கேமரா நிறுவனத்தின் மென்பொருளில் வெளிச்சம் மட்டும், நிறத்தில் கை வைப்பதில்லை. இதற்குக் காரணம் ஒரு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு.

பள்ளிக்கரணையில் சேற்றோரம் இரை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு சின்ன உள்ளானைத் தூரத்திலிருந்து எடுத்தேன். மாலை வெயில், பறவை பாதி நிழலில். வீட்டுக்கு வந்து ஒயிட் பேலன்ஸைச் சூடாக்கி, நிழலை இரண்டு ஸ்டாப் ஏற்றி, வைப்ரன்ஸும் கூட்டினேன். படம் அழகாக வந்தது. கால்கள் மஞ்சளாகத் தெரிந்தன. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதன் உறவான டெமிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. மகிழ்ச்சியோடு டெமிங்க் என்று பதிந்தேன்.

சில நாள் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: முதுகில் செதில்போன்ற விளிம்புகள் தெரிகின்றனவே, மூலப் படம் இருக்கிறதா என்று. ராவை என்எக்ஸ் ஸ்டுடியோவில் திறந்தேன். ஒயிட் பேலன்ஸை எடுத்தபடியே விட்டு வெளிச்சத்தை மட்டும் ஏற்றினேன். கால்கள் கறுப்பு. ஒரு காலில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது, அதைத்தான் நான் மஞ்சளாக்கியிருந்தேன். பதிவைக் கொசு உள்ளான் என்று மாற்றி, அழகான படத்தை எடுத்துவிட்டு, இந்த மங்கலான படத்தை ஏற்றினேன்.